சுரங்கச் செல்வம்: வருவாயா, முதலா?

"குந்தித் தின்றால் குன்றும் கரையும்" என்று நம் பெரியோர் சொல்வர். உழைக்காமல் இருந்து உண்பவனை இடித்துரைக்கும் பழமொழி அது. ஆனால் இரவு பகலாக உழைத்து உண்டாலும் குன்று கரையும் தொழில் ஒன்று உண்டு. அதுவே சுரங்கத் தொழில். உழவன் இவ்வாண்டு நெல்லை அறுத்தால் அடுத்த ஆண்டும் அதே வயலில் நாற்று நடலாம். சுரங்கத்தில் இறங்குபவன் இன்று எடுத்த பொன்னை நாளை அதே பாறையில் காண முடியாது. எனினும் நாட்டின் கணக்குப் புத்தகம் இவ்விரண்டையும் வேறுபாடின்றி "வருமானம்" என்றே எழுதி வந்திருக்கிறது. அவ்வாறு எழுதுவது சரிதானா என்பதை இக்கட்டுரையில் ஆராய விரும்புகிறேன். பொருளாதாரம் பயிலாத நண்பர்களும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் அவா. ஏனெனில் கோலார் தங்க வயலில் நம்மவர் பல தலைமுறைகளாகச் சிந்திய வியர்வையின் கணக்கும் இக்கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

நாட்டு வருமானம் என்பது யாது? ஓராண்டில் ஒரு நாட்டு மக்கள் தம் உழைப்பாலும் உடைமையாலும் ஈட்டிய வருவாயின் கூட்டுத் தொகையே அது. இந்தியாவில் இதைக் கணக்கிட முற்பட்ட முன்னோடி தாதாபாய் நௌரோஜி. 1867-68ஆம் ஆண்டில் ஓர் இந்தியனின் சராசரி வருமானம் 20 ரூபாய் என்று அவர் மதிப்பிட்டார். விடுதலைக்குப் பின் 1949இல் அரசாங்கம் நாட்டு வருமானக் குழு ஒன்றை அமைத்தது. குழுவின் தலைவர் பேராசிரியர் மகலனோபிஸ். மற்ற இருவரில் ஒருவர் காஞ்சிபுரத்தில் பிறந்த வி. கே. ஆர். வி. ராவ், இன்னொருவர் இந்தப் புனே நகரத்துக் கோகலே அரசியல் பொருளாதார நிறுவனத்தின் இயக்குநராக இருந்த டி. ஆர். காட்கில். 1930இல் தோன்றிய அந்நிறுவனம் இன்றும் இந்நகரில் மாணவர்களுக்குப் பாடம் சொல்லி வருகிறது. ஆதலின் நாட்டு வருமானத்தைப் பற்றிப் பேசப் புனேயைவிடப் பொருத்தமான ஊரைத் தேட வேண்டியதில்லை.

இக்கணக்கில் "மொத்தம்" என்றும் "நிகரம்" என்றும் இரு வகை உண்டு. ஓர் ஆலையில் 10 லட்சம் ரூபாய் விலையுள்ள இயந்திரம் 10 ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் அதில் 1 லட்சம் ரூபாய் தேய்ந்து போகிறது. அத்தேய்மானத்தை எடுத்து வைக்காமல் ஆலைக்காரன் செலவழித்துவிட்டால் பத்தாம் ஆண்டில் அவனிடம் இயந்திரமும் இராது, பணமும் இராது. ஆகவே மொத்த உற்பத்தியிலிருந்து தேய்மானத்தைக் கழித்து நிகர உற்பத்தியைக் காண்கிறார்கள். இம்முறை நியாயமானது. ஆனால் இதையே சுரங்கத்தில் செய்து பார்த்தால் ஒரு விந்தையைக் காணலாம். பாறையைத் துளைக்கும் இயந்திரத்தின் தேய்வு கழிக்கப்பட்டது. துளைக்கப்பட்ட பாறையின் குறைவு கழிக்கப்படவில்லை. இயந்திரத்தை மீண்டும் வாங்கலாம். பாறையை வாங்க முடியாது. வாங்கக் கூடியதற்கு ஒதுக்கீடும் வாங்க முடியாததற்கு ஒதுக்கீடின்மையும் எவ்வளவு பொருந்தாதவை!

இக்குறையை நீக்கவே கனிவளக் குறைவு என்னும் அளவையைப் பொருளாதார அறிஞர்கள் வகுத்தார்கள். அதன் உட்பொருளை ஒரு கற்பனைச் சுரங்கத்தைக் கொண்டு விளக்குகிறேன்.

அச்சுரங்கம் ஓராண்டில் 100 கோடி ரூபாய்க்குக் கனியை விற்கிறது. வெடிமருந்து, எண்ணெய், மின்சாரம் முதலியவற்றை வெளியிலிருந்து வாங்க 30 கோடி செலவு. எஞ்சிய 70 கோடியும் நாட்டின் மொத்த உற்பத்தியில் சேர்கிறது. அதில் 20 கோடி கூலி. இயந்திரத் தேய்மானமும் முதலாளியின் நியாயமான லாபமும் 10 கோடி. மீதி 40 கோடி எங்கிருந்து வந்தது? எவருடைய உழைப்பும் அதைப் படைக்கவில்லை; எவருடைய முதலும் அதைப் படைக்கவில்லை. கனி மண்ணுக்குள் இருந்தது. அதற்கு உலகில் ஒரு விலையும் இருந்தது. ஆதலின் அந்த 40 கோடியை மண்ணின் பங்கு என்று நாம் அழைக்கலாம்.

இம்மண்ணின் பங்கு முழுவதையும் குறைவாகக் கழித்துவிட வேண்டும் என்பது ஒரு கட்சி. அதிலும் ஒரு பகுதி உண்மையான வருமானமே என்பது மற்றொரு கட்சி. 1989இல் எல் செராஃபி என்னும் எகிப்தியப் பொருளாதார அறிஞர் இரண்டாம் கட்சிக்கு ஓர் எளிய வழி காட்டினார். ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி வட்டிக்கு விட வேண்டும். சுரங்கம் வற்றிய பின்பும், அது இருந்த காலத்தில் நாம் செலவழித்த அளவே அவ்வட்டியிலிருந்து என்றென்றும் கிடைக்க வேண்டும். அவ்வாறு ஒதுக்க வேண்டிய தொகையே முதல், மீந்ததே வருமானம். வட்டி நூற்றுக்கு 5 என்றும், சுரங்கத்தின் ஆயுள் இன்னும் 10 ஆண்டுகள் என்றும் கொண்டால், நம் 40 கோடியில் சுமார் 23 கோடியே 40 லட்சத்தை ஒதுக்க வேண்டும். செலவழிக்கத் தக்கது 16 கோடியே 60 லட்சம்தான். அதே சுரங்கத்தின் ஆயுள் 100 ஆண்டுகள் என்றால் சுமார் 29 லட்சம் ஒதுக்கினால் போதும். ஆகவே எவ்வளவு தோண்டுகிறோம் என்பதோடு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் அறிந்தாலன்றி வருமானத்தை அறிய இயலாது.

உலக வங்கி நாடுதோறும் வெளியிடும் கணக்கும் இவ்வழியைச் சார்ந்ததே. ஒரு நாட்டில் எஞ்சியுள்ள கனியின் மதிப்பை, அது நீடிக்கும் ஆண்டுகளால் வகுக்கிறார்கள். ஆண்டுகளுக்கு 25 என்று உச்ச வரம்பு உண்டு. கிடைத்த ஈவே அவ்வாண்டின் குறைவு. அதை நாட்டு வருமானத்தின் நூற்று விகிதமாகக் காட்டுகிறார்கள். பின்னர் நாட்டின் சேமிப்பிலிருந்து இயந்திரத் தேய்மானத்தையும் இக்குறைவையும் கழித்து, கல்விச் செலவைக் கூட்டி, உண்மையில் அந்நாடு சேமித்ததா, முதலைத் தின்றதா என்று முடிவு சொல்கிறார்கள். கல்விச் செலவைச் சேமிப்பாகக் கொள்வது மாணவர்களாகிய நமக்கு உவப்பான செய்தி அன்றோ!

எனினும் இந்த விகிதத்தைப் படிப்பதில் மூன்று எச்சரிக்கைகள் வேண்டும்.

முதலாவது, பட்டியலில் உள்ளவை பத்தே கனிகள்: வெள்ளீயம், தங்கம், ஈயம், துத்தநாகம், இரும்பு, செம்பு, நிக்கல், வெள்ளி, பாக்சைட், பாஸ்பேட். நிலக்கரியும் எண்ணெயும் எரிசக்திக் குறைவு என்னும் வேறு தலைப்பில் வருகின்றன; நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் இடம் அங்கேதான். சேலத்து வெள்ளைக்கல்லும், நாகபுரி வட்டாரத்து மாங்கனீசும், ஆற்று மணலும் இரண்டிலும் இல்லை. புனேயைச் சுற்றியுள்ள கருங்கல்லும் அவ்வாறே. வாகோலிப் பக்கம் சென்றவர்கள் கல் குவாரிகளைக் கண்டிருப்பார்கள். எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான தக்காணத்துப் பாறை அங்கே ஜல்லியாகி இந்நகரத்தின் அடுக்குமாடிகளில் கலக்கிறது. அக்குறைவு பத்துக் கனிகளின் கணக்கில் ஏறுவதில்லை.

இரண்டாவது, விலை ஏறினால் விகிதமும் ஏறும். தோண்டிய டன் மாறாமலிருக்கும்போதே உலகச் சந்தையில் இரும்பின் விலை இரட்டித்தால் மண்ணின் பங்கு பன்மடங்காகும். ஆகவே விகிதம் குறைந்தது என்பதைக் கொண்டு தோண்டுவது குறைந்தது என்று கொள்ளலாகாது.

மூன்றாவது எச்சரிக்கையே மிக முக்கியமானது. பெரிய நாட்டின் விகிதம் சிறிய ஊரின் நட்டத்தை மறைத்துவிடும். இந்தியாவில் சுரங்கமும் குவாரியும் சேர்ந்தே நாட்டு உற்பத்தியில் சுமார் நூற்றுக்கு 2 தான். டில்லியிலிருந்து பார்ப்பவருக்கு இது அற்பம். தோண்டிய குழியின் ஓரத்தில் வாழ்பவருக்கோ அதுவே முழுமையும். இதற்குச் சான்று வேண்டின் கோலாரைக் காண்க.

பழைய மைசூர்ச் சமஸ்தானத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ் நாட்டு எல்லைக்கு அண்மையில் உள்ளது தங்க வயல். 1880இல் லண்டன் நகரத்து ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே வந்தனர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நிலமற்ற ஏழைகள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர், குடும்பத்தோடு சென்று குடியேறினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வேலை செய்தோர் சுமார் 30,000 பேர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் நிலத்துக்குக் கீழே 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழ்ந்து சென்றது. அவ்வாழத்தில் பாறையே கொதிக்கும். அழுத்தம் தாங்காமல் திடீரென வெடித்துச் சிதறும். கல் தூசு நெஞ்சை அரித்தது. இவ்வாறு சுமார் 120 ஆண்டுகளில் வெளிவந்த தங்கம் ஏறத்தாழ 800 டன்.

ஆழம் கூடக் கூடச் செலவு கூடியது. தொடக்கத்தில் ஒரு டன் பாறையில் பல பத்துக் கிராம் தங்கம் கிடைத்தது. இறுதியில் சில கிராமே கிடைத்தது. 1956இல் மைசூர் அரசாங்கமும், 1962இல் மத்திய அரசாங்கமும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஏற்பட்டது. 2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கம் மூடப்பட்டது. இன்று அவ்வூரிலிருந்து ஆயிரக்கணக்கானோர் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண் 3 கோடி டன்னுக்கு மேல் மேடு மேடாக நிற்கிறது. காற்றடித்தால் அது வீட்டுக்குள் வருகிறது.

இவ்வூரின் கதையை நம் கணக்கோடு பொருத்திப் பார்ப்போம். வெள்ளையர் காலத்தில் கம்பெனியின் லாபம் லண்டன் பங்குதாரர்களுக்குச் சென்றது. நாட்டு எல்லைக்குள் உண்டான உற்பத்தியில் அத்தங்கம் சேரும். வெளியே சென்ற லாபத்தைக் கழித்துக் காணும் நாட்டு வருமானத்தில் அந்த லாபம் சேராது. ஆனால் குறைந்த பாறையோ முழுவதும் நம்முடையது. குறைவை நாட்டு வருமானத்தோடு ஒப்பிட வேண்டும் என்று அறிஞர் கூறுவதன் காரணம் இங்கே விளங்கும். லாபம் கடல் கடந்தது. குழி இங்கேயே தங்கியது.

அப்படியானால் அத்தங்கத்தால் நமக்கு ஒரு பயனும் இல்லையா? உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. சமஸ்தானத்துக்கு ராயல்டி வந்தது. தங்க வயல் என்னும் பெரிய வாடிக்கைக்காரர் இருந்தமையால்தான் காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின் நிலையம் எழுந்தது. 1902இல் அங்கிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவுக்குக் கம்பி வழியே மின்சாரம் தங்க வயலை அடைந்தது. 1905இல் அதே மின்சாரம் பெங்களூர் வீதிகளுக்கு ஒளி தந்தது. அதாவது, மண்ணின் பங்கில் ஒரு பகுதி வேறொரு முதலாக உருமாறியது. 1977இல் ஜான் ஹார்ட்விக் என்னும் கனடா நாட்டுப் பேராசிரியர் இதையே ஒரு விதியாகக் கூறினார்: தீர்ந்து போகும் வளத்தின் பங்கை இயந்திரமாகவும் பாலமாகவும் பள்ளியாகவும் மாற்றிக்கொண்டே வந்தால் பின்வரும் தலைமுறை ஏழையாகாது.

ஆனால் எங்கே மாற்றப்பட்டது, யாருக்காக மாற்றப்பட்டது என்பதை அவ்விதி கேட்பதில்லை. சமஸ்தானம் முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் ஒரு முதல் போய் இன்னொரு முதல் வந்தது, பழுதில்லை. தங்க வயலுக்கு மட்டும் கணக்குப் பார்த்தால் முதல் போயிற்று, ஈடு வரவில்லை. வளர்ந்த நகரம் பெங்களூர். அந்நகரத்துக்கு நாள்தோறும் கூலி வேலைக்குப் போவது தங்க வயல். 800 டன்னில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கியிருந்தாலும் 80 டன் தங்கத்தின் மதிப்பு அவ்வூர்ப் பிள்ளைகளின் பெயரில் இருந்திருக்கும். அது எத்தனை கல்லூரிகள், எத்தனை மருத்துவமனைகள், எத்தனை தொழில்கள் என்று வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

வெளி நாடுகளிலும் இவ்விரு வழிகளையும் காணலாம். பசிபிக் கடலில் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நவுரு தீவு பாஸ்பேட்டை விற்றது. 1968இல் விடுதலை பெற்ற பின் சில காலம் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது. ஒதுக்கி வைத்த நிதி தவறான முதலீடுகளில் கரைந்தது. பாஸ்பேட்டும் பெரும்பாலும் தீர்ந்தது. தீவின் நடுப்பகுதி கல் முட்களாய்க் கிடக்கிறது. அதே காலத்தில் விடுதலை பெற்ற ஆப்பிரிக்க நாடு போட்ஸ்வானா. வைரத்தால் வந்த பணத்தைப் பள்ளிகளிலும் சாலைகளிலும் இட்டு, 1994இல் புலா நிதி என்னும் சேமிப்பையும் அமைத்தது. நார்வே நாடு எண்ணெய்ப் பணத்துக்காக 1990இல் சட்டம் இயற்றி 1996இல் முதல் தொகையைச் செலுத்தியது. நிதி அமைப்பது மட்டும் போதாது, அதைக் காப்பவரும் வேண்டும் என்பதே நவுரு தரும் பாடம்.

நம் நாட்டில் இவ்வழியில் வைத்த ஓர் அடியைக் காணப் புனேயிலிருந்து ஓரிரவுப் பயணமே போதும். கோவாவில் இரும்புக் கனி ஏற்றுமதி 2010-11இல் 5 கோடி டன்னைத் தாண்டியது. முறைகேடுகள் வெளியாகவே 2012இல் சுரங்க வேலை நிறுத்தப்பட்டது. 2014 ஏப்ரல் 21இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஆண்டுக்கு 2 கோடி டன்னுக்கு மேல் எடுக்கலாகாது, விற்பனைத் தொகையில் நூற்றுக்கு 10 ஒரு நிரந்தர நிதியில் சேர வேண்டும். பின்வரும் தலைமுறைக்காக முதலைக் காப்பது என்னும் எண்ணம் இங்கே நீதிமன்ற ஆணையாகவே வந்துவிட்டது. அதே வேளையில், சுரங்கம் நின்றபோது லாரி ஓட்டியவரும் படகு ஓட்டியவரும் பட்ட துன்பத்தையும் நாம் மறக்கலாகாது. ஒரே தொழிலை நம்பிய வட்டாரம் அத்தொழில் வற்றினாலும் வாடும், நின்றாலும் வாடும்.

2015இல் சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் தோன்றின. பழைய குத்தகைக்காரர் ராயல்டியில் நூற்றுக்கு 30 அளவும், ஏலத்தில் எடுத்தவர் நூற்றுக்கு 10 அளவும் கூடுதலாக அதற்குத் தர வேண்டும். இப்பணம் சுரங்க வட்டார மக்களுக்கே செலவாக வேண்டும் என்பது சிறந்த ஏற்பாடு. ஆனால் இது செலவு நிதி. கோவாவுக்குச் சொன்னது சேமிப்பு நிதி. முன்னது இன்றைய குடிகளுக்கு, பின்னது நாளைய குடிகளுக்கு. இரண்டும் வேண்டும். 2024 ஜூலை 25இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, ராயல்டி வரியன்று என்று 8க்கு 1 என்ற பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. கனியின் உடையவருக்குத் தரும் கைம்மாறே அது என்றது. விற்ற பொருளின் விலையை வரிப்பணம்போல் ஆண்டுச் செலவில் கரைப்பது தகுமா என்று இத்தீர்ப்பைப் படித்தபோது எண்ணினேன்.

கணக்குப் புத்தகமும் மாறி வருகிறது. பார்த்தா தாஸ்குப்தா தலைமையிலான குழு 2013இல் இந்தியாவுக்குப் பசுமைக் கணக்கு முறையை வகுத்துத் தந்தது. 2025இல் ஐக்கிய நாடுகள் ஏற்ற புதிய தேசியக் கணக்கு முறை, இயற்கை வளக் குறைவை உற்பத்திச் செலவாகக் கொண்டு நிகர உற்பத்தியில் கழிக்கச் சொல்கிறது. உலக நாடுகள் இதைக் கைக்கொள்ளச் சில ஆண்டுகள் ஆகும்.

ஒரு மறுப்பையும் எதிர்கொள்வோம். "கனியின் இருப்பு நிலையானதன்று, விலை ஏறினால், கருவி வளர்ந்தால், புதிய இருப்புத் தோன்றும்" என்பர். உண்மையே. தங்க வயல் மண் மேடுகளில் எஞ்சிய பொன்னை எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு தந்தது. நேற்றுக் கழிவென்று கொட்டியது இன்று கனியாகிறது. மேலும், மண்ணுக்குள்ளேயே புதைந்து கிடக்கும் கனியால் பசித்தவனுக்குப் பயனில்லை. ஆதலின் தோண்டவே கூடாது என்பது என் கருத்தன்று. தோண்டியதை வருமானம் என்று ஏமாறாமல், விற்ற முதல் என்று அறிந்து, அதற்கு ஈடாக வேறு முதலை, கூடிய வரையில் அதே மண்ணில், அதே மக்களுக்காக வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. மண் மேட்டிலிருந்து எடுக்கப்போகும் தங்கத்திலாவது ஒரு பங்கு தங்க வயலின் பெயரில் நிற்குமா? அக்கேள்விக்கு விடை இனிமேல்தான் எழுதப்பட வேண்டும்.

நம் சங்கத்து நண்பர்களுள் நில நூல் பயில்வோர் உண்டு. புள்ளியியல் பயில்வோர் உண்டு. சட்டம் பயில்வோரும் உண்டு. நாளை உங்களுள் ஒருவர் சுரங்கத்துக்கு இடம் குறிக்கலாம்; ஒருவர் நாட்டு வருமானத்தைக் கூட்டலாம்; ஒருவர் குத்தகைப் பத்திரம் எழுதலாம். அப்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இவ்வாண்டு மண்ணின் பங்கு எவ்வளவு? அது எந்த ஊரில், எந்த உருவில் மீண்டும் வைக்கப்பட்டது? இவ்விரண்டுக்கும் விடை எழுதாத கணக்கில் கையெழுத்திடாதீர்கள்.